ஏர்கன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு கண் மருத்துவரின் வேண்டுகோள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் ஏர்கன் குண்டு பாய்ந்த கண்கள் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரத் தொடங்கிவிடுகின்றன. அண்மையில் வந்த சிறுவனின் வீட்டில், தோட்டத்து அணில் தொல்லைக்கென்று ஒரு ஸ்பிரிங் ஏர்கன், அதாவது ஸ்பிரிங்கால் காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும் காற்றுத் துப்பாக்கி, வாங்கி வைத்திருந்தார்கள். அண்ணன் குறி வைத்தது அணிலை. குண்டு மோட்டார் அறையின் சுவரில் பட்டுத் திரும்பி, பக்கவாட்டில் நின்ற தம்பியின் கண்ணைத் துளைத்துவிட்டது. அந்தக் கண்ணில் இனி வெளிச்சம் தெரிந்தாலே பெரிது. "லைசென்ஸே தேவையில்லை என்று சொல்லித்தானே கடையில் கொடுத்தார்கள், டாக்டர்" என்று அவனுடைய தந்தை திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு வேறு தந்தையரிடம் இதே வாக்கியத்தைக் கேட்டு மனம் சலித்துப் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மைதான். 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள், குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு அளிக்கின்றன. ஆனால் அந்த விலக்கு, வாங்குபவர் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எந்தத் தாளில் கையெழுத்திட வேண்டும் என்பதைப் பற்றியது மட்டுமே. அந்தக் குண்டு மனித உடலை என்ன செய்யும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டு வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அதன் ஆற்றல் 10 ஜூல், அதாவது சட்டம் விலக்கு அளிக்கும் அளவில் பாதி. கண்ணின் சுவரைக் கிழிக்க வினாடிக்கு 40, 50 மீட்டர் வேகமே போதும். கடற்கரையில் பலூன் சுட்டுப் பழகியவர்கள் அந்த நினைவிலேயே இதை விளையாட்டுப் பொருள் என்று கருதுகிறார்கள். அங்கே பலூன்களுக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கிறது, எல்லோரும் ஒரே திசையில் சுடுகிறார்கள், கடைக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பதை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

எனக்கு விளங்காத இன்னொன்றும் உண்டு. வாங்க வருபவர் கடைக்காரரிடம் பெருச்சாளியை ஒரே குண்டில் வீழ்த்துமா என்று கேட்டு, மிகவும் வலுவானதைத் தேர்ந்தெடுக்கிறார். அதே மனிதர் வீட்டுக்கு வந்ததும், "காற்றுதானே, என்ன ஆகிவிடும்" என்று பத்து வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்கிறார். பெருச்சாளியின் தடித்த தோலையும் எலும்பையும் துளைக்கும் என்று நம்பி வாங்கிய ஒன்று, பிள்ளையின் கண்ணை மட்டும் எப்படி விட்டுவைக்கும்?

உரிமம் வேண்டாம் என்பதை எதை வேண்டுமானாலும் சுடலாம் என்ற அனுமதியாகப் புரிந்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். முயல், கௌதாரி, மயில், கிளி எதுவானாலும் அதைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டைக் குற்றம். காயப்படுத்துவதும் அதற்கு முயல்வதும்கூட வேட்டைதான். மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் மயில் இருப்பதால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை உண்டு. எலி, பழந்தின்னி வௌவால், காகம் ஆகியவற்றைத் தொல்லை உயிர்கள் என்று வகைப்படுத்தியிருந்த ஐந்தாம் அட்டவணையையே 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆகவே "காக்காய்தானே" என்ற சமாதானமும் இனிச் செல்லாது.

தொல்லை என்று சுட நினைப்பவர்களுக்கு மீதமிருப்பது எலியும் பெருச்சாளியும்தான். அவை நடமாடுவது இரவில், வீட்டின் ஓரங்களில், மனிதர்கள் படுத்திருக்கும் இடத்துக்கு அருகில். இருட்டில் துப்பாக்கியால் சுடுவதற்கு இதைவிடத் தகாத இடம் இருக்க முடியாது. காவிரி டெல்டாவில் மூங்கிலால் செய்த தஞ்சாவூர் கிட்டியை வைத்து எலி பிடிக்கிறார்கள். வயலில் ஆந்தை வந்து அமர்வதற்குக் குச்சி நடுகிறார்கள். வீட்டுக்குக் கூண்டுப்பொறி போதும். விவசாயம் எனக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் எலிப்பொறியால் பார்வை இழந்த ஒருவருக்கும் நான் அறுவை சிகிச்சை செய்ததில்லை.

இதற்குப் பிறகும் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காக ஒன்றை வாங்குவதென்றால், எவ்வளவு வேகம் என்று கேட்பதை விட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கேளுங்கள். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றியதும் பாதுகாப்புப் பூட்டு தானாக விழுகிறதா? குழல் மடங்கியிருக்கும்போது விசை (டிரிகர்) அழுந்தாதபடி தடுப்பு இருக்கிறதா? அது இல்லாத துப்பாக்கியில் விசையில் கை பட்டால் குழல் தெறித்து மூடிக்கொண்டு விரலை நசுக்கிவிடும். இந்த வகைத் துப்பாக்கிகள் பலவற்றில், ஏற்றிய ஸ்பிரிங்கைச் சுடாமல் இறக்க எளிய வழி கிடையாது. அதனால் இலக்கு ஓடிவிட்டால், ஏற்றியது ஏற்றியபடியே சுவரில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள், உள்ளே குண்டு இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அடுத்து அதைக் கையில் எடுப்பது அனேகமாக ஒரு குழந்தை. எங்களிடம் வருபவர்களில் பலருடைய கதை இதுதான். ஏற்றிய துப்பாக்கியை எங்கும் அப்படியே வைத்துவிட்டுப் போகாதீர்கள். மணல் மூட்டையில் சுட்டு இறக்கிவிட்டு, துப்பாக்கியை ஓரிடத்திலும் குண்டுகளை வேறிடத்திலும் பூட்டி வையுங்கள்.

ஈயக் குண்டு தீர்ந்துவிட்டதென்று சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் என்ற எஃகுக் குண்டுகளைப் போட்டுச் சுடுவது மிகப் பெரிய ஆபத்து. ஈயம் பட்ட இடத்தில் ஓரளவு நசுங்கும். எஃகு அப்படியே திரும்பி வரும். எஃகுக் குண்டு கண்ணுக்குள் இருப்பது தெரியாமல் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால், காந்தம் அதை உள்ளேயே நகர்த்திவிடும். அதனால்தான் நாங்கள் முதலில் சி.டி. ஸ்கேன் கேட்கிறோம். சுடுபவரும் அருகில் நிற்பவரும் பாலிகார்பனேட் கண்ணாடி அணிய வேண்டும். சாதாரண மூக்குக் கண்ணாடி உடைந்து தூளாகிக் காயத்தை மேலும் மோசமாக்கும்.

குண்டை எடுத்துவிட்டால் பார்வை வந்துவிடுமா என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது கடினம். குண்டு உள்ளே போகும் அந்த நொடியிலேயே லென்ஸும் விழித்திரையும் சிதைந்துவிடுகின்றன. கண்ணைக் கடந்து பின்னால் போய்த் தங்கிய ஈயக் குண்டைச் சில நேரங்களில் நாங்கள் எடுக்காமலே விட்டுவிடுகிறோம், ஏனெனில் எடுக்கப் போவது கூடுதல் சேதம். அடிபட்ட கண்ணால் நல்ல கண்ணும் பாதிக்கப்படுவது அரிதாக நேரும் என்பதால், அடுத்த கண்ணையும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டியிருக்கிறது.

குண்டு பட்டுவிட்டால் கண்ணைக் கசக்க வேண்டாம், கழுவ வேண்டாம், அழுத்திக் கட்ட வேண்டாம். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடவே வேண்டாம். கண்ணில் படாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மேலே ஒட்டி, சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல், கண் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே வாருங்கள். இமையில் சிறிய புள்ளி மட்டும் தெரிகிறது, பிள்ளையும் அழவில்லை என்று மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அந்தப் புள்ளி குண்டு நுழைந்த வழியாக இருக்கலாம்.

போலீஸ் வழக்காகிவிடும் என்று அஞ்சி, குச்சி குத்திவிட்டது என்று சொல்லி அழைத்து வருகிறார்கள். குச்சி என்று நம்பினால் நாங்கள் ஸ்கேன் எடுக்கத் தாமதிப்போம், அந்தத் தாமதத்தில் கண்ணுக்குள் கிருமி வளரும். சுட்டது வீட்டுப் பிள்ளையே ஆனாலும் எங்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். அது ஈயமா எஃகா என்று நாங்கள் பார்த்துக்கொள்ள, குண்டு இருந்த டப்பாவையும் கையோடு கொண்டு வாருங்கள்.