உங்கள் கொல்லையின் செயற்கைக்கோள் படம்: காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை

போன ஆடியில் பர்கூர் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் என்னிடம் ஒரு வண்ணத் தாளை நீட்டினார். அவருடைய நாலு ஏக்கர் தோப்பு அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் கட்டமாக அச்சாகியிருந்தது. "ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கினேங்க. சிவப்பா இருக்கிற இடத்துல மரம் சோர்ந்து போயிருக்குன்னு சொன்னாங்க" என்றார். தாளின் மூலையில் பொடி எழுத்தில் சென்டினல்-2 என்று இருந்தது. அது ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தைச் சேர்ந்த செயற்கைக்கோள். அது எடுக்கும் படங்களை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். விளக்கம் சொல்லி அச்சடித்துக் கொடுத்ததற்குக் கூலி வாங்குவதில் தப்பில்லை. ஆனால் படத்துக்கே அந்த விலை என்று அவரை நம்பவைத்திருந்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு மனசு ஆறவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளுக்கு இதில் எதெல்லாம் இலவசம், எது உரிமை, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை எழுதி வைக்க நினைத்தது அன்றைக்குத்தான்.

விதி என்ன சொல்கிறது

2021-க்கு முன்னால் நம் நாட்டில் வரைபடம் தயாரிக்க அனுமதி, உரிமம், பாதுகாப்பு ஒப்புதல் என்று பல படிகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அதை மாற்றின. இந்தியக் குடிமக்களும் இந்திய நிறுவனங்களும் முன் அனுமதி இல்லாமல் நிலத் தரவுகளைத் திரட்டலாம், வரைபடம் தயாரிக்கலாம், வெளியிடலாம். பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சில இடங்களுக்கும் விவரங்களுக்கும் மட்டும் கட்டுப்பாடு உண்டு. நமக்கு முக்கியமான வரி இன்னொன்று. பொதுப்பணத்தில் உருவாக்கிய நிலத் தரவு, இரகசியமானவை நீங்கலாக, இந்தியர்கள் எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. 2022 டிசம்பரில் வந்த தேசிய புவிசார் கொள்கையும் இதே வழியில்தான் போகிறது.

2023-இல் வந்த இந்திய விண்வெளிக் கொள்கை இன்னும் தெளிவானது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்களில் ஒரு கட்டம், அதாவது படத்தின் மிகச் சிறிய சதுரம், தரையில் 5 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அவை எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும். 5 மீட்டருக்கும் நுட்பமான படங்களை அரசுத் துறைகளுக்கு இலவசமாகவும், மற்றவர்களுக்கு நியாயமான விலைக்கும் கொடுக்கலாம். எல்லாமே சும்மா கிடைத்துவிடாது. ஆனால் பயிரைப் பார்க்கத் தேவையான அளவுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. இஸ்ரோ படங்களைப் பார்க்க புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. படக் கோப்புகளை இறக்க பூநிதி என்ற தளம் இருக்கிறது. பெயரைப் பதிவு செய்தால் போதும்.

முதலில் புலப்படம்

செயற்கைக்கோளுக்குப் போகும் முன் உங்கள் நிலத்தின் புலப்படத்தை, அதாவது எல்லையையும் அளவையும் காட்டும் அரசு வரைபடத்தைப் பாருங்கள். எல்லோரும் எஃப்எம்பி என்று சொல்வது இதைத்தான். தமிழ்நாடு அரசின் இணையவழி நில ஆவணத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு கொடுத்தால் பட்டாவும் புலப்படமும் திரையில் வரும். பார்க்கக் கட்டணம் கிடையாது.

இந்த இடத்தில் நம் ஊர்க்கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், பாராமகால் என்று அன்றைக்கு அழைக்கப்பட்ட நம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே வயல் வயலாக நிலத்தை அளந்து, உழுகிறவர் பெயரிலேயே வரி போட்டார்கள். ரயத்துவாரி முறை வேர்விட்டது இந்தக் கிருஷ்ணகிரி, தருமபுரி மண்ணில்தான். அந்த அளவை அன்றைக்கு வரி வாங்குவதற்கானது. அந்த அளவையின் வழியில் வந்த சர்வே நம்பரைக் கொண்டு இன்றைக்கு நம் நிலத்தை நாமே திரையில் தேடிப் பார்க்கிறோம்.

ஒரு கட்டம் எத்தனை சென்ட்

சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்குச் சுமார் 40 கட்டங்கள். ஐந்து நாளைக்கு ஒரு முறை, காலை பத்தரை மணி வாக்கில் அது நம் தலைக்கு மேல் போகிறது.

மூன்று ஏக்கர் நிலக்கடலை என்றால் 120 கட்டம் கிடைக்கும். எந்த மூலை முந்துகிறது, எது பின்தங்குகிறது என்று சொல்ல அது போதும். ஆனால் பென்னாகரம் பக்கத்து மேட்டில் 30 சென்ட் சாமைக் கொல்லை என்றால் மொத்தமே 12 கட்டம்தான். அதில் பெரும்பாலானவை வரப்பைத் தொட்டுக்கொண்டு இருக்கும். வரப்பில் ஒரு புளியமரம் நின்றால் மரத்தின் பச்சை, பக்கத்துக் காட்டின் செம்மண், உங்கள் சாமை மூன்றும் ஒரே கட்டத்துக்குள் கலந்துவிடும். என்னைக் கேட்டால், ஒரு ஏக்கருக்குக் குறைந்த கொல்லையை இந்தப் படத்தில் பார்ப்பதைவிட வரப்பில் ஒரு நடை நடந்து பார்ப்பதே மேல்.

இதைப் பார்க்கப் பெரிய கணினி தேவையில்லை. கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற தளத்தைத் திறந்து, உங்கள் ஊருக்கு நகர்த்தி, மேகம் குறைவான தேதியைத் தேர்ந்தெடுத்து, என்டிவிஐ என்ற அடுக்கைச் சொடுக்கினால் போதும். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் என்டிவிஐ. வெறும் மண்ணுக்கு 0.1, 0.2 என்று வரும். நன்றாக மூடி வளர்ந்த பயிருக்கு 0.7, 0.8 வரை போகும்.

சரி, அந்தப் பர்கூர் தோப்புக்கு வருவோம். அவரோடு உட்கார்ந்து அதே தேதிப் படத்தை இலவசமாகத் திறந்தேன். சிவப்புக் கட்டங்கள் எல்லாம் கிழக்கு ஓரமாகச் சேர்ந்திருந்தன. "அங்க என்ன இருக்குங்க?" என்று கேட்டேன். "அதா, பழைய பெங்களூரா மரத்தைப் பிடுங்கிட்டு முந்தின வருஷம் கன்னு வச்ச இடம்" என்றார். கன்றுக்கும் கன்றுக்கும் நடுவில் கிடந்த செம்மண்ணைத்தான் செயற்கைக்கோள் பார்த்திருக்கிறது. சோர்ந்த மரம் ஒன்றுகூட அங்கே இல்லை. ஒரே ஒரு நாள் படத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். இந்த வருஷப் படத்தைப் போன வருஷம் இதே வாரத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். சென்டினல்-2 படங்கள் 2015 முதல் இருக்கின்றன. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் இருக்கின்றன; 2008-லிருந்து அவையும் இலவசம். இப்போதைய லேண்ட்சாட்டில் ஒரு கட்டம் 30 மீட்டர், அதாவது 22 சென்ட். வயலுக்குப் பெரிது, ஏரிக்குப் போதும். உங்கள் ஊர் ஏரி முன்பெல்லாம் எவ்வளவு தூரம் நிரம்பி நின்றது என்று அதில் பார்க்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும்போது சென்டினல்-1 கைகொடுக்கும். அது ரேடார் என்பதால் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். தேங்கிய தண்ணீர் அதில் கருப்பாகத் தெரியும்.

கணினியில் வேலை செய்ய

படத்தின் மேல் உங்கள் எல்லையை வரைந்து, பரப்பு கணக்கிட்டு, வருஷத்துக்கு வருஷம் சேமித்து வைக்க விரும்பினால் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். 2002-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. உரிமக் கட்டணம் கிடையாது, எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம். கைப்பேசியோடு வரப்பைச் சுற்றி நடந்து எல்லையைப் பதிய கியூஃபீல்டு என்ற செயலி உண்டு. கைப்பேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், அதை மறக்க வேண்டாம்.

இங்கே நம் இரண்டு மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பரப்பை மீட்டரில் கணக்கிட யுடிஎம் மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். வரைபடக் கணக்குக்காக உலகை வடக்கு தெற்காகப் பிரித்த பட்டைகளில் ஒன்றுதான் மண்டலம். மண்டலம் 43-ம் 44-ம் பிரியும் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை நம் ஊர் நடுவிலேயே போகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் எல்லாம் 43-இல் விழும். கிருஷ்ணகிரி, தருமபுரி, பாலக்கோடு, அரூர் எல்லாம் 44. ஓசூர்க்காரர் செய்து கொடுத்த கோப்பை அப்படியே தருமபுரியில் பயன்படுத்தும்போது இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்குச் செல்லாது

செயற்கைக்கோள் படத்தில் வரைந்த கோடு உங்கள் எல்லைக்குச் சான்று ஆகாது. பக்கத்துக் காட்டுக்காரரோடு வரப்புத் தகராறு என்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் அளவைக்கு மனுப் போட்டு, சர்வேயர் வந்து அளந்தால்தான் செல்லும்.

பயிர்க் காப்பீட்டிலும் அப்படித்தான். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விளைச்சல் இழப்புக்கு அடிப்படை அறுவடைப் பரிசோதனை, அதாவது மாதிரி வயல்களில் அறுத்து எடை பார்ப்பது. 2023 காரீப் முதல் நெல், கோதுமை விளைச்சல் மதிப்பீட்டில் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் போடும் தொலையுணர்வுக் கணக்குக்கும் ஒரு பங்கு சேர்த்திருக்கிறார்கள். அதைச் செய்வது அரசுத் தரப்பு. உங்கள் படத்தைக் காட்டினால் பணம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆலங்கட்டி மழையோ வெள்ளமோ உங்கள் வயலை மட்டும் அடித்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்வதுதான் முதல் வேலை. படம் அப்புறம்.

ஓர் அலுவலகத்தில் இருக்கும் தரவு இணையத்தில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாநில அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுக் கொடுக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவில் "கணினியில் உள்ள மின்னணு வடிவிலேயே தரவும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சட்டத்தின் பிரிவு 2 அப்படிப் பெறும் உரிமையைக் கொடுக்கிறது. அந்த வரி இல்லையென்றால் கோப்புக்குப் பதிலாகக் கருப்பு வெள்ளை நகல் வந்து சேரலாம், அதைக் கியூஜிஐஎஸ்ஸில் ஏற்ற மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கும்.

படத்தில் ஒரு மூலை தொடர்ந்து மங்கலாகவே தெரிந்தால், தேதியையும் சர்வே நம்பரையும் குறித்துக்கொண்டு, அந்த மூலை மண்ணில் ஒரு பிடியும் இலையில் நாலும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமும், தருமபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும் பக்கம்.