டிரிக்கரை லேசாக்கினால் குறி சரியாகிவிடுமா?

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சிக்குப் போகும் மகளைப் பற்றி ஒரு வாசகர் எழுதியிருந்தார். "டிரிக்கர் கனமா இருக்குன்னு சொல்றா, மாத்திக் கொடுக்கலாமா? ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டினாப் போதும்னு ஒருத்தர் சொல்றாரே" என்பது கேள்வி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இதே போட்டியில் வெண்கலம் வாங்கியபின் எத்தனையோ வீடுகளில் இந்த ஆசை வந்திருக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள்.

உள்ளே நடப்பது எளிது. ஒரு ஸ்பிரிங் சுத்தியலை முன்னால் தள்ளப் பார்க்கிறது, சியர் என்கிற சின்னக் கொக்கி அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது, டிரிக்கர் அந்தக் கொக்கியை விலக்கும் நெம்புகோல், அவ்வளவுதான். ஏர் பிஸ்டல் டிரிக்கருக்குக் குறைந்தது 500 கிராம் இழுவை இருக்க வேண்டும் என்பது விதி. போட்டிக்கு முன் சோதிப்பார்கள்: குழலை வானம் பார்க்க நிமிர்த்தி, டிரிக்கரில் எடைக்கல்லை மாட்டி, மேசையிலிருந்து மெல்லத் தூக்க வேண்டும். கல் மேலே வரணும், சுத்தியல் விழக் கூடாது. வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லையே பார்ப்பார்கள்.

ஆக 500-க்குக் கீழே போக முடியாது. போக வேண்டிய அவசியமும் இல்லை. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், குண்டு 4.5, கோட்டைத் தொட்டாலே பத்துதான் என்பதால் குண்டின் மையம் 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே சுமார் 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்குறி வெறும் கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்த 8 மில்லிமீட்டர் தீர்ந்துவிடும். சுத்தியல் விடுபடும் அந்தக் கணத்தில் விரல் துப்பாக்கியை எவ்வளவு ஆட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, இழுவை எத்தனை கிராம் என்பது அதற்கு அப்புறம்தான்.

மழைக்காலத்தில் ஊதிப்போன மரக்கதவை இழுத்திருப்பீர்கள். வராது, வராது, அப்புறம் படாரென்று வந்து உங்களையே பின்னால் தள்ளும். நிற்கும்போது உள்ள உராய்வு நகரும்போது உள்ளதைவிட அதிகம், அதனால் வருவது இது. சியரின் விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் டிரிக்கருக்குள்ளும் இதே கதைதான், விரல் தயங்கித் தயங்கி நகர்ந்து கடைசியில் எகிறும். விளிம்பு வழவழப்பாக இருந்தால் அதே 500 கிராம் பாதியாகத் தோன்றும். அந்த மகள் கனம் என்று சொல்வது இந்தச் சொரசொரப்பாகவே இருக்கலாம். ஆயுத பூஜை அன்று பிஸ்டலுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறவர்கள் உண்டு. பக்தியில் குறை சொல்ல மாட்டேன், ஆனால் பொட்டைப் பெட்டிக்கு வையுங்கள், டிரிக்கர் பக்கம் அந்தத் தூள் போகவே கூடாது.

சரி, இடுப்பில் செருகும் கைத்துப்பாக்கிக்கு இதே வேலையைச் செய்யலாமா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. துப்பாக்கி கை தவறி, பின்பக்கம் தரையில் படும்படி விழுகிறது. பஸ் பிரேக் போட்டதும் நாம் முன்னால் சாய்கிறோமே, அதே மாதிரி துப்பாக்கி நின்றுவிடும், டிரிக்கர் நிற்காது. அது தொடர்ந்து பின்னால் போகப் பார்க்கும், யாரோ விரலால் இழுப்பது போலவே. டிரிக்கர் 10 கிராம், விழுந்த உயரம் 1500 மில்லிமீட்டர் என்றால் பெருக்க 15,000. இழுவை 2500 கிராம், இழுக்க வேண்டிய தூரம் 6 மில்லிமீட்டர் என்றால் அதுவும் 15,000. விழுந்ததில் கிடைத்த ஆற்றலும் சுடுவதற்கு வேண்டிய ஆற்றலும் சமம்! இது குத்துமதிப்புதான், ஆனால் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். இப்போது ஸ்பிரிங்கை வெட்டி இழுவையைப் பாதியாக்கினால் வேண்டியது 7,500 மட்டுமே, தரை உங்களுக்காகச் சுட்டுவிடும். மாறாக டிரிக்கர் துண்டின் எடையைப் பாதியாக்கினால் கிடைப்பது 7,500-ஆகக் குறைகிறது, பாதுகாப்பு கூடுகிறது. இரண்டையும் நாம் 'லேசாக்குவது' என்றே சொல்கிறோம், விளைவோ நேர் எதிர்.

அமெரிக்க ராணுவம் 2017 தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த சிக் சாவர் பி320 கைத்துப்பாக்கி வகையில் இதே சிக்கல்தான் வந்தது. சில கோணங்களில் விழுந்தால் தானாகவே சுட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் இலவச மேம்பாடு அறிவித்தது, அதில் முக்கியமான மாற்றம் டிரிக்கர், சியர் முதலிய துண்டுகளின் எடையைக் குறைத்ததுதான். கிளாக் துப்பாக்கியில் டிரிக்கரின் நடுவே ஒரு குட்டி நாக்கு இருக்கும், விரல் அதை அழுத்தாமல் டிரிக்கர் பின்னால் வராது. அதைக் கழற்றிவிட்டு அழகான டிரிக்கர் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

போட்டித் துப்பாக்கி விழுந்தால் தாங்காது என்பது தெரிந்துதான் சுடும் கோட்டில் நின்று, குழல் இலக்கைப் பார்க்கும்போது மட்டுமே குண்டு போட விடுகிறார்கள். அந்த ஒழுங்கு இருப்பதால் 500 கிராம் செல்லுபடியாகிறது. துப்பாக்கி வாங்கப் பணம் ஒதுக்குகிற பயிற்சி மையங்கள் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒரு தொழில்நுட்பருக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வாசகருக்கு என் பதில்: எதையும் மாற்ற வேண்டாம். போட்டி ஏர் பிஸ்டல்கள் பெரும்பாலானவற்றில் விரல் ஒரு தடுப்பில் போய் நிற்கும் வரையிலான முதல் கட்ட இழுவை, அங்கிருந்து சுத்தியலை விடுவிக்கும் இரண்டாம் கட்ட இழுவை, சுட்டபின் டிரிக்கர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் தனித்தனி ஸ்க்ரூ இருக்கிறது. முதல் கட்டத்துக்குப் பெரும்பங்கைக் கொடுத்தால், சுத்தியலை விடுவிக்கக் கடைசியாக வேண்டியது நூறு, நூற்றைம்பது கிராம்தான். பயிற்சியாளரை வைத்துக்கொண்டு ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் திருப்பி, எடைக்கல்லில் பாருங்கள். சியரில் அரம் படவே வேண்டாம். வேலை முடிந்ததும், குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சுத்தியலை ஏற்றி வைத்து, ரப்பர் சுத்தியலால் துப்பாக்கியின் உடம்பில் நாலு பக்கமும் மெல்லத் தட்டுங்கள். ஒருமுறை 'டிக்' என்று விழுந்தாலும் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடுங்கள்.