நாலு வயிறு இருக்கிறது என்று தானியத்தைக் கொட்டாதீர்கள்

மறுபடியும் ஒரு மாடு. ராத்திரி கட்டை அவிழ்த்துக்கொண்டு போய்த் தானிய மூட்டையில் வாய் வைத்திருக்கிறது, "நாலு வயிறு இருக்கே டாக்டர், தானா செரிச்சிடும்னு விட்டுட்டோம்" என்று மறுநாள் சாயந்திரம் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் மாடு படுத்துவிட்டது, கண் உள்ளே போயிருக்கிறது, வயிற்றை அசைத்தால் தண்ணீர் தளும்பும் சத்தம்.

தயவுசெய்து அந்த நாலு வயிறு கதையை விடுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருப்பது ஒரே வயிறு, அதில் நாலு அறை. நம் வயிறு மாதிரி அமிலம் சுரப்பது கடைசி அறை மட்டும்தான். முதல் அறையான பெருவயிறு, வளர்ந்த மாட்டில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும், ஆனால் அது செரிமான நீர் எதையும் சுரப்பதில்லை. உள்ளே வாழும் நுண்ணுயிர்கள்தான் நாரை நொதிக்க வைத்து மாட்டுக்குச் சத்தாக்கிக் கொடுக்கின்றன. ஆக, நீங்கள் போடும் தீவனம் முதலில் போவது அவற்றுக்கு. நாருக்குப் பழகிய இடத்தில் திடீரென்று மாவுச்சத்து குவிந்தால் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் கிருமிகள் மட்டும் தாறுமாறாகப் பெருகும், 6, 7 என்று இருக்க வேண்டிய பிஎச் (அமில அளவைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்) 5-க்குக் கீழே இறங்கும், நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், உடம்பிலுள்ள தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும். பார்க்க வயிறு நிறைந்த மாடு, உடம்போ வறண்டு கிடக்கும். பிழைத்தாலும் குளம்பு அழற்சி, ஈரலில் சீழ்க்கட்டி என்று பின்னால் வருவது தனி.

அரைத்த மாவு முழுத் தானியத்தை விட மோசம், இன்னும் வேகமாக நொதிக்கும். விருந்தில் மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று மொத்தமாகக் கொட்டுவதும் இதேதான்.

மூட்டை இருக்கும் அறையைப் பூட்டுங்கள். தானியம், பிண்ணாக்கு மாதிரியான அடர்தீவனத்தைக் கூட்டுவதானால் 2, 3 வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வைக்கோலையோ புல்லையோ குறைக்கவே குறைக்காதீர்கள், நார் இருந்தால்தான் மாடு அசைபோடும், அசைபோட்டால்தான் அமிலத்தை முறிக்கிற உமிழ்நீர் போதுமான அளவு ஊறும். நிறையத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் மீதித் தானியத்தை அகற்றிவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாடு நன்றாக நிற்கிறதே என்று காத்திருக்க வேண்டாம், முதல் சில மணி நேரம் அப்படித்தான் நிற்கும், வைத்தியம் பலிக்கிற நேரமும் அதுதான். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

அப்புறம் ஒன்று, மாடு நன்றாக இருக்கும் நாளிலேயே இதைப் பழகிக்கொள்ளுங்கள். இடது பக்கம் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும், அங்கே முஷ்டியை அழுத்தி 2 நிமிடம் நின்றால் பெருவயிறு 2, 3 தடவை கையைத் தள்ளும். அது நின்றுபோனால் விடியட்டும் என்று பார்க்காமல் போன் செய்யுங்கள்.