மங்கலான நூறு படமும் ஒரு நீள வாலும்

"டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தால் சாம்பல் திட்டுதான் தெரிகிறது, படத்தில் மட்டும் இவ்வளவு நீள வால் எப்படி வந்தது, கம்ப்யூட்டரில் வரைந்தீர்களா?" என்று நான் எடுத்த ஆன்டெனா கேலக்ஸிகளின் படத்தைப் பார்த்த ஒரு வாசகர் கேட்டிருந்தார். வரையவில்லை. அந்த வால் நிஜமாகவே அங்கே இருக்கிறது.

சித்திரை மாத இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே நல்ல உயரத்தில் நான்கைந்து நட்சத்திரங்கள் உள்ளங்கை போலத் தெரியும், பஞ்சாங்கத்தில் அதுதான் அஸ்தம். அதற்குச் சற்று மேற்கே, சுமார் 7 கோடி ஒளியாண்டு தள்ளி இரண்டு கேலக்ஸிகள் மோதிக்கொண்டிருக்கின்றன, அவைதான் ஆன்டெனா கேலக்ஸிகள். 1785இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் கண்டது. ஈர்ப்பு விசை கிட்டப் பக்கத்தை அதிகமாகவும் எட்டப் பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கும், கடலில் ஓதம் வருவதும் இதனால்தான். அந்த இழுப்பில் சிதறிய நட்சத்திரங்கள்தான் வால். ஈர்ப்பு விசை ஒன்றே இதற்குப் போதும் என்று 1972இல் வானியலாளர்களான டூம்ரி சகோதரர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

சரி, படத்துக்கு வருவோம். இருட்டு என்று நாம் நினைக்கிற வானமே லேசாக ஒளிர்கிறது, வாலின் ஒளி அதைவிடக் குறைவு. உதாரணத்துக்கு, ஒரு படத்தில் ஒரு பிக்சலில் வானத்திலிருந்து 900 ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், வாலிலிருந்து 9 விழுவதாக வையுங்கள். 900ஐக் கழித்தால் போச்சு என்று தோன்றும். ஆனால் தூறலில் வாசலில் இரண்டு தட்டு வைத்தால் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் துளி விழுமா? 900 என்பது சராசரிதான், பிக்சலுக்குப் பிக்சல் அதன் வர்க்கமூல அளவுக்கு, அதாவது சுமார் 30, கூடும் குறையும். அந்த 30க்குள் வாலின் 9 காணாமல் போய்விடும். இப்போது நூறு படத்தைக் கூட்டுங்கள். வால் 900. வானம் 90,000, ஆனால் அதன் ஏற்ற இறக்கம் வெறும் 300! ஒளி நூறு மடங்கு வளர, இரைச்சல், அதாவது அந்த ஏற்ற இறக்கம், பத்து மடங்குதான் வளர்ந்திருக்கிறது, 300க்கு மேலே 900 தலையைத் தூக்கிவிடுகிறது. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் இந்தக் கணக்கு எனக்கு அலுக்கவில்லை.

இதே கணக்குதான் வயிற்றெரிச்சலும் தருகிறது. வானம் 4 மடங்கு வெளிச்சமானால் அதே தெளிவுக்கு 4 மடங்கு படம் வேண்டும், நூறுக்குப் பதில் நானூறு. ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை மக்கள் பணத்தில் வைத்துவிட்டு, சுற்றியுள்ள ஊர்களில் மேலே மூடியில்லாத விளக்குகளை நட்டுக்கொண்டே போவது சரியில்லை. ஒளி தரையில்தானே விழ வேண்டும்?

நான் ஜவ்வாது மலையில் மூன்று இரவு உட்கார்ந்து, ஐந்து ஐந்து நிமிடமாக நூறு படம் எடுத்தேன். கடைசி இரவு கீழே ஊரில் திருவிழா, வானம் வெளுத்துவிட்டது. அந்த 30 படத்தை ஒதுக்கிவிட்டு மீதியைச் சேர்த்தேன். இருபதில் ஒன்றுமில்லை, ஐம்பதைத் தாண்டியதும் தெற்கு வால் புகைபோல எழுந்தது. வடக்கு வால் இன்னும் மங்கல், அதற்கு அடுத்த சித்திரை வர வேண்டும்.