இனவரைவுத் தொல்லியல்: லூயிஸ் பின்ஃபோர்டு வேரூன்றச் செய்த சொல்

எத்னோஆர்க்கியாலஜி என்ற துறைக்குத் தமிழில் இனத்தொல்லியல், இனவரைவுத் தொல்லியல் என இரு பெயர்கள் வழங்குகின்றன. இன்று வாழும் மக்கள் ஒரு பொருளை எப்படிச் செய்கிறார்கள், எப்படிப் பயன்படுத்துகிறார்கள், கடைசியில் எங்கே போடுகிறார்கள் என்பதைத் தொல்லியலாளரே கூட இருந்து பார்த்துப் பதிவுசெய்வதும், மண்ணுக்கடியில் கிடைத்தவற்றை அந்த அறிவைக் கொண்டு விளக்குவதும்தான் இதன் பொருள். 'தொல்லியலாளரே' என்பதில் உள்ள ஏகாரம் முக்கியம். ஓர் ஊரில் போய்த் தங்கும் மானிடவியலாளர் உறவுமுறை, சடங்கு, வழக்காறு எல்லாவற்றையும் எழுதிவருவார். தின்று முடித்த எலும்பு அடுப்பிலிருந்து எத்தனை அடி தள்ளி விழுந்தது என்று பெரும்பாலும் எழுத மாட்டார். அகழ்வாய்வுக் குழியில் நிற்பவருக்கு வேண்டியது அந்த அடிக்கணக்குதான்.

சொல்லின் வேர் கிரேக்கம். எத்னோஸ் என்றால் மக்கள், ஆர்க்கையோஸ் என்றால் பழமையானது, லோகோஸ் என்றால் அறிவு அல்லது உரை. அமெரிக்கரான ஜெஸ்ஸி வால்ட்டர் ஃபியூக்ஸ், அரிசோனாவின் ஹோப்பி மக்கள் சொல்லிவந்த இடப்பெயர்வு மரபுகளைப் பற்றி 1900இல் எழுதியபோது 'எத்னோ-ஆர்க்கியாலஜிஸ்ட்' என்ற சொல்லைக் கையாண்டார். அதன்பின் வெகுகாலம் அது யாரும் எடுத்தாளாத சொல்லாகவே கிடந்தது. அதற்கு ஒரு துறையின் கனத்தைத் தந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அமெரிக்கத் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டு (1931–2011).

பின்ஃபோர்டு 1962இல் எழுதிய 'ஆர்க்கியாலஜி அஸ் ஆந்த்ரபாலஜி' என்ற கட்டுரை, பொருள்களை வகைபிரித்துக் காலவரிசையில் அடுக்குவதோடு தொல்லியல் நின்றுவிடக் கூடாது, மனித வாழ்வு ஏன் மாறியது என்பதை விளக்க வேண்டும் என்று வாதிட்டது. 'புதிய தொல்லியல்' என்று பெயர்பெற்ற அலை எழுந்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அவரை அலாஸ்காவுக்கு அனுப்பியது வேறொரு சண்டை. பிரான்சில் நியாண்டர்தால் மனிதர்களின் மூஸ்டீரியம் என்ற வகைக் கற்கருவிகளைப் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஃபிரான்சுவா போர்து சில தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு குழுவின் மரபு என்றார். குழு வேறல்ல, செய்த வேலைதான் வேறு என்றார் பின்ஃபோர்டு. இருவர் பேச்சும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. சான்று இருவரிடமும் போதவில்லை. எந்த வேலை எத்தகைய தடயத்தை விட்டுச்செல்லும் என்பதே தெரியாதபோது, தடயத்தைக் காட்டி வேலையைச் சொல்வது எப்படி?

ஆகவே 1969 முதல் சில ஆண்டுகள், அலாஸ்காவின் வடக்கே அனாக்துவுக் கணவாய்ப் பகுதியில் கரிபூ மான்களை வேட்டையாடி வாழ்ந்த நுனாமியுட் மக்களிடையே அவர் களப்பணி செய்தார். விலங்கை எங்கே வெட்டுகிறார்கள், எந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துவருகிறார்கள், எதை அங்கேயே விடுகிறார்கள், நாய்கள் எந்த எலும்பை எப்படிக் கடிக்கின்றன என்பதெல்லாம் அவருடைய குறிப்பேட்டில் ஏறின. அவற்றின் பயனாக 1978இல் வெளிவந்த நூலின் தலைப்பிலேயே இந்தச் சொல் இடம்பிடித்தது: 'நுனாமியுட் எத்னோஆர்க்கியாலஜி'.

அங்கே அவர் பதிவுசெய்த இடங்களில் 'முகமூடிக் களம்' என்பது இன்றும் வகுப்பறைகளில் பேசப்படுகிறது. மான் வருகிறதா என்று ஆண்கள் காத்திருந்து பார்க்கும் இடம் அது. ஆனால் காத்திருப்பவன் எவ்வளவு நேரம்தான் பள்ளத்தாக்கையே வெறித்துக்கொண்டிருப்பான்? சாப்பிட்டார்கள், சீட்டாடினார்கள், மரத்தில் முகமூடி செதுக்கினார்கள். தரையில் சேர்ந்த குப்பையில் பெரும்பகுதி இந்தப் பொழுதுபோக்கின் மிச்சம். நெருப்பைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களின் கையிலிருந்து சிறு எலும்புச் சில்லுகளும் மரச்சீவல்களும் அவரவர் பக்கத்திலேயே விழுந்தன. பெரிய எலும்புகளை முதுகுக்குப் பின்னாலோ நெருப்புக்கு அப்பாலோ வீசினார்கள். இப்படி உருவான இரண்டு வளையங்களுக்கு பின்ஃபோர்டு சூட்டிய பெயர்கள் 'டிராப் ஜோன்', 'டாஸ் ஜோன்'. தமிழில் உதிர்வு வளையம், வீச்சு வளையம் எனலாம்.

இதை எடுத்துக்கொண்டு அவர் பிரான்சில் பழங்கற்கால வேட்டையாடிகள் தங்கிய பென்ஸ்வான் களத்தின் பக்கம் திரும்பினார். அங்கே கிடைத்த அடுப்புகளை, அந்தக் களத்தை அகழ்ந்த பிரெஞ்சுத் தொல்லியலாளர் லெருவா-குரான் கூடாரத்துக்குள் இருந்தவை என்று விளக்கியிருந்தார். திறந்தவெளி நெருப்பில் காற்று திசைமாறிப் புகை முகத்தில் அடித்தால் ஆள் எழுந்து மறுபக்கம் போய் உட்காருவான். அப்படி நகர்ந்தவர்களின் குப்பைதான் அங்கே தெரிகிறது, கூடாரம் இல்லை என்றார் பின்ஃபோர்டு. அவருடைய எழுத்துநடை கரடுமுரடு என்று மாணவர்கள் நொந்துகொள்வது நியாயமே. இந்த இடம் மட்டும் யாருக்கும் புரியும்.

துப்பாக்கியும் பனி ஊர்தியும் வைத்திருந்த நுனாமியுட் மக்களைக் கொண்டு நியாண்டர்தால்களை விளக்குவதா என்ற கேள்வி எழாமல் இல்லை. இவர்களைப் போலவே அவர்கள் வாழ்ந்தார்கள் என்பது பின்ஃபோர்டின் வாதம் அன்று. எலும்பின் எந்தப் பகுதியில் எவ்வளவு இறைச்சி, எவ்வளவு மச்சை (எலும்பின் உட்கொழுப்பு) என்பது காலத்தோடு மாறாது. அத்தகைய மாறாத காரணங்களைத்தான் அவர் தேடினார். இன்னொரு பக்கம், கென்யாவின் பாரிங்கோ பகுதியில் இதே முறையில் களப்பணி செய்த பிரிட்டிஷ் தொல்லியலாளர் இயன் ஹாடர், பொருள்கள் வெறும் பயன்பாட்டுச் சாதனங்கள் அல்ல, குறியீடுகளும்கூட என்று 1982இல் எழுதி, பின்ஃபோர்டின் பள்ளிக்கே எதிர்முகாம் அமைத்தார். பின்ஃபோர்டை மறுப்பவருக்கும் கருவியாகப் பயன்பட்டது இந்தத் துறை.

இனித் தமிழ்ச்சொல். 'இனத்தொல்லியல்' சுருக்கமானது, நாவுக்கு எளிது. ஆனால் தமிழில் இன்று 'இனம்' என்றதும் மனம் இனப்பெருமை, இனமோதல் பக்கம் ஓடுகிறது. ஒரு குறிப்பிட்ட இனத்தின் பழம்பெருமையைத் தோண்டி எடுக்கும் துறை இது என்று வாசகர் எண்ணிவிடக்கூடும். அது நேர்மாறான பொருள். இனவரைவியல் என்பது எத்னோகிராஃபிக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல். அதிலிருந்து பிறந்த 'இனவரைவுத் தொல்லியல்' களத்தில் இருந்து பார்த்து எழுதுவதையும் சேர்த்தே சொல்கிறது. நீளம் கொஞ்சம் கூடினாலும் என் வாக்கு இதற்குத்தான். ஆய்வாளரை இனவரைவுத் தொல்லியலாளர் எனலாம். பழைய முறையில் கல்லைச் செதுக்கியோ பானையைச் சுட்டோ ஆய்வாளர் தாமே செய்துபார்ப்பது சோதனைத் தொல்லியல். அதை இதோடு குழப்பக் கூடாது.

பின்ஃபோர்டின் பெயரோடு ஒட்டிய மற்றொரு தொடர் 'மிடில் ரேஞ்ச் தியரி'. பெருங்கோட்பாட்டுக்கும் சிறு கருதுகோளுக்கும் நடுவில் நிற்கும் கோட்பாடு என்ற பொருளில் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் வழங்கிய அந்தத் தொடரைத் தொல்லியலில் அவர் வேறு பொருளில் ஆண்டார்: அசையாமல் கிடக்கும் இன்றைய தடயத்துக்கும் அதை உண்டாக்கிய அன்றைய செயலுக்கும் இடையிலான தொடர்பை விளக்குவது. 'நடுத்தரக் கோட்பாடு' என்று பெயர்த்தால் தரம் குறைந்தது போலத் தொனிக்கும். மெர்ட்டனுக்கு 'இடைநிலைக் கோட்பாடு' பொருந்தும்; பின்ஃபோர்டுக்கு 'இணைப்புக் கோட்பாடு' என்பதே சரி.