நிறுத்திய லாரியைப் பிடித்திருப்பது எது?

நாமக்கல் பக்கத்திலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருந்தார். அவருடைய தந்தை லாரி ஓட்டுநர். வண்டியை நிறுத்தியதும் "புஸ்ஸ்" என்று காற்று வெளியேறுகிறதே, லாரியின் பிரேக்கை இயக்குவது காற்றுதான் என்றால், அந்தக் காற்றை வெளியே விட்டுவிட்ட பிறகு வண்டி இரவு முழுவதும் எப்படி அசையாமல் நிற்கிறது என்பது முதல் கேள்வி. காலையில் இஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் அப்பா சில நிமிடங்கள் வண்டியை எடுக்காமல் காத்திருப்பது ஏன் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில், பின்சக்கரங்களுக்கு அருகே உள்ள ஒரு வட்டமான இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறது.

ஓடும் வண்டியின் பிரேக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இஞ்சினோடு சுழலும் கம்ப்ரசர் காற்றை அழுத்தி, ஏறத்தாழ 8 பார் அழுத்தத்தில் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் எட்டு மடங்கு) டேங்குகளில் நிரப்புகிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தினால் அந்தக் காற்று, சக்கரத்தருகே உள்ள பிரேக் சேம்பர் என்ற அறைக்குள் புகுந்து ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு ஒரு நெம்புகோலைத் திருப்ப, அதனோடு சேர்ந்து திரும்பும் கேம் என்ற வளைந்த துண்டு பிரேக் கட்டைகளை விரித்து, சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு உராயச் செய்கிறது.

இந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்த வண்டிக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. எவ்வளவு நல்ல குழாயாக இருந்தாலும் இணைப்புகளின் வழியே காற்று மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். இஞ்சின் ஓடும்வரை கம்ப்ரசர் அதை ஈடுசெய்கிறது. இஞ்சினை நிறுத்திவிட்டால் ஈடுசெய்ய எதுவும் இல்லை. மாலையில் காற்றால் பிடித்து நிறுத்திய வண்டி, நள்ளிரவில் பிடி தளர்ந்து சரிவில் இறங்கத் தொடங்கிவிடும்.

இந்தச் சிக்கலின் பாதியை அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே தீர்த்தார். 1869-இல் அவர் ரயிலுக்குச் செய்த முதல் காற்று பிரேக்கில், காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. 1872-இல் அந்தத் தர்க்கத்தை அவர் தலைகீழாக்கினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள சிறு டேங்கின் காற்று பாய்ந்து பிரேக்கைப் பிடிக்கும். ஆனால் பிடிப்பது அப்போதும் காற்றுதான் என்பதால், நெடுநேரம் நிறுத்திவைக்கும் ரயிலுக்குக் கையால் திருகி இறுக்கும் பிரேக் இன்றும் தேவைப்படுகிறது.

அந்த மிச்சப் பாதி எவ்வளவு கொடியது என்பதைக் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள லாக் மெகாண்டிக் ஊர் அறியும். கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டேங்கர் பெட்டிகளுடன் ஒரு ரயில், ஊருக்கு மேலே சரிவான பாதையில் இரவுக்காக நிறுத்தப்பட்டிருந்தது. 7 கைப்பிரேக்குகள் இறுக்கப்பட்டிருந்தன. மீதிப் பளுவை இஞ்சின்களின் காற்று பிரேக் தாங்கியது. ஓடவிட்டிருந்த ஒரே இஞ்சினில் தீப்பிடித்ததால், தீயணைப்பு வீரர்கள் அதை நிறுத்தினார்கள். கம்ப்ரசரும் நின்றது, காற்று கசிந்தது, 2013 ஜூலை 6 அதிகாலையில் ஆளில்லாத ரயில் தானாக இறங்கி, ஊருக்குள் கவிழ்ந்து தீப்பற்றியதில் 47 பேர் இறந்தார்கள். இந்த விபத்தைப் பற்றி அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014-இல் வெளியிட்ட விரிவான அறிக்கையை எவரும் படிக்கலாம். நம் ஊரில் நிறுத்திய வண்டி உருண்டு உயிர் போனால், "பிரேக் பிடிக்கவில்லை" என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. எந்தப் பாகம், எவ்வளவு தேய்மானம், எத்தனை டிகிரி சரிவு என்று அளந்து பொதுவில் வைக்கும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது வீண்செலவு என்று நான் ஒருபோதும் கருத மாட்டேன்.

இப்போது லாரியின் இரும்புக் கூட்டுக்கு வருவோம். பின்சக்கரத்தின் பிரேக் சேம்பர் உண்மையில் இரட்டை அறை. முன்னறை, மிதியை அழுத்தும்போது வேலை செய்வது. பின்னறைக்குள் விரல் பருமனுள்ள எஃகுக் கம்பியால் ஆன ஒரு சுருள் ஸ்பிரிங், எப்போதும் விரிந்து தண்டைத் தள்ளிவிடத் துடித்துக்கொண்டு அடைபட்டிருக்கிறது. அதை விரியவிடாமல் தடுத்து வைத்திருப்பதுதான் காற்றின் வேலை. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் அழகு புரியும். டைப் 30 என்று பட்டறைகளில் சொல்லப்படும் சேம்பரில் காற்று அழுத்தும் பரப்பு 194 சதுர சென்டிமீட்டர். 5 பார் அழுத்தத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 5 கிலோவுக்குச் சற்று அதிகமான விசை விழுகிறது. பெருக்கினால், ஏறத்தாழ 1000 கிலோ எடைக்கு இணையான விசை. ஒரு சின்ன கார் ஏறி நின்றாற்போன்ற அந்தப் பளுவால்தான் ஸ்பிரிங் சுருங்கிக் கிடக்கிறது.

ஓட்டுநர் நிறுத்தப் பிரேக்கை (பார்க்கிங் பிரேக்) இழுக்கும்போது பின்னறையின் காற்று வெளியேறுகிறது. மாணவி கேட்ட "புஸ்ஸ்" அதுதான். அதைக் கேட்பவர்கள் பிரேக் தளர்கிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது பிரேக் பிடிக்கும் ஓசை. தடை விலகியதும் ஸ்பிரிங் விரிந்து தண்டைத் தள்ளுகிறது. நெம்புகோலும் கேமும் அந்த விசையைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கிக் கட்டைகளை டிரம்மில் அழுத்துகின்றன. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் 25 டன் வண்டியைக் கீழே இழுக்கும் விசை சுமார் 2.5 டன், அதைத் தாங்க இந்தப் பிடி வேண்டும். எஃகு கசிவதில்லை. குழாய் அறுந்தாலும் கம்ப்ரசர் பழுதானாலும் டேங்க் காலியானாலும் வண்டியை நிறுத்தும் பக்கமே இந்த ஏற்பாடு சாய்கிறது. பொறியியலில் இதைவிட நான் விரும்பும் சிந்தனை அரிது.

ஆனாலும் ஸ்பிரிங்குக்குப் பள்ளியில் படித்த ஹூக்கின் விதியிலிருந்து விலக்கில்லை. எவ்வளவு சுருங்கியிருக்கிறதோ அவ்வளவு விசை. விரிய விரிய விசை குறையும். தண்டு செல்லக்கூடிய மொத்தத் தொலைவு இந்த அளவுச் சேம்பரில் 64 மில்லிமீட்டர்தான். கட்டைகள் தேய்ந்து, கட்டைக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க உதவும் ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரிசெய்யாமல் விட்டால், கட்டை டிரம்மைத் தொடுவதற்குள்ளேயே ஸ்பிரிங் தன் பலத்தில் கணிசமான பகுதியை இழந்திருக்கும். சமதளத்தில் இது தெரியாது; சரிவில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவிப் பொட்டிட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து எடுக்கும் வழக்கத்தில் வண்டியின் மேலுள்ள அன்பை நான் பார்க்கிறேன். காப்பது பழம் என்று நம்பி, தண்டு நகரும் இந்த அளவைப் பார்க்காமல் விடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

ஏற்றிய வண்டியைச் சரிவில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்துத்தான் ஆகவேண்டும். கட்டைக்குப் பதிலாகக் கல் வைத்தவர்கள், புறப்படும்போது அதைச் சாலையிலேயே விட்டுச் செல்வது இருசக்கர வண்டியில் வருபவருக்குச் செய்யும் பெருந்தீங்கு. கட்டை இன்னொரு நேரத்தில் உயிரையே காக்கிறது. காற்று இறங்கி வழியில் நின்றுபோன வண்டியை இழுக்க, சேம்பரின் பின்புறமுள்ள நீண்ட போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கைச் சுருக்குவார்கள். அந்தக் கணத்தில் வண்டிக்கு எந்தப் பிரேக்கும் இல்லை. திருகுபவரோ வண்டிக்கு அடியில் இருக்கிறார். கட்டை கொடுக்காமல் அந்தப் போல்ட்டைத் தொடவே கூடாது. அப்படிச் சுருக்காத ஸ்பிரிங் உள்ள சேம்பரைக் கழற்றவும் கூடாது. உள்ளே அடைபட்டிருக்கும் ஆற்றல் மூடியைக் குண்டுபோல் எறியும்.

இரண்டாவது கேள்விக்கு விடை இப்போது எளிது. இரவில் பின்னறைகள் காலியாக இருந்தன. டேங்கிலும் காற்று குறைந்திருக்கலாம். காலையில் இஞ்சின் ஓட, கம்ப்ரசர் டேங்கை நிரப்புகிறது. காற்று குறைவு என்று ஒலிக்கும் எச்சரிக்கை மணி நின்று, காற்றழுத்த முள் போதிய அளவுக்கு ஏறிய பிறகே அப்பா நிறுத்தப் பிரேக்கை விடுவிக்கிறார். காற்று மீண்டும் பின்னறைக்குள் புகுந்து அந்த 1000 கிலோ விசையால் ஸ்பிரிங்கைச் சுருக்குகிறது. அவசரப்பட்டு முன்னதாகவே எடுத்தால், பாதி பிடித்த பிரேக்கோடு டிரம் சூடாகி, கட்டைகள் கருகும். அடுத்த முறை அப்பா காத்திருக்கும்போது, காற்றழுத்த முள் எந்த எண்ணைத் தொட்டதும் அவர் கை பிரேக்கை நோக்கிப் போகிறது என்று குறித்து எழுதும்படி அந்த மாணவியைக் கேட்டுக்கொள்கிறேன்.