குக்கர் மூடியில் ஒரு போல்ட்

ஆலைகளில் உள்ள கொதிகலன்களின் பாதுகாப்பைச் சோதிப்பது என் தொழில். கடந்த தை மாதம் அத்தை வீட்டுக்குச் சென்றிருந்தபோது, சமையல் மேடையில் கவிழ்த்து வைத்திருந்த குக்கர் மூடியைத் தொழில் பழக்கத்தால் கையில் எடுத்துப் பார்த்தேன். சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய துளையில் ஒரு சாதாரண இரும்பு போல்ட் முறுக்கப்பட்டிருந்தது. "அது அடிக்கடி உருகிப்போயிடுச்சுப்பா, ரிப்பேர்க்காரர் இதைப் போட்டுக் கொடுத்தார், இப்ப தொந்தரவே இல்ல" என்றார் அத்தை. இரண்டு ஆண்டுகளாக அந்தக் குக்கரில்தான் நாள்தோறும் பருப்பு வெந்திருக்கிறது. ஓர் ஆலையில் இப்படிப் பார்த்திருந்தால் அந்தக் கொதிகலனை அன்றே நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

நான் ஆலைகளில் சோதிக்கும் பாதுகாப்பு வால்வின் மூதாதை ஒரு சமையல் பாத்திரத்தில்தான் இருந்தது. பிரான்சில் பிறந்த டெனிஸ் பாப்பின், இறுக மூடிய கலத்துக்குள் நீராவியை அடைத்து எலும்பையும் மென்மையாக்கும் கருவியை 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைத்தார். 1682-இல் அச்சங்கத்து அறிஞர்களுக்கு அதில் சமைத்த விருந்தும் பரிமாறப்பட்டது. அடைத்த ஆவி கலத்தை வெடிக்கச் செய்யும் என்பதை உணர்ந்திருந்த பாப்பின், மூடியில் சிறு துளையிட்டு, நெம்புகோலில் தொங்கும் எடைக்கல் அத்துளையை அழுத்தியிருக்கும்படி அமைத்தார். அழுத்தம் எல்லை மீறினால் ஆவியே கல்லைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். பின்னாளில் நீராவி எந்திரங்களைக் காத்ததும் இதே ஏற்பாடுதான். 1879-இல் பாஸ்டரின் ஆய்வகத்தில் சார்ல்ஸ் சாம்பர்லாண்ட் உருவாக்கிய, மருத்துவமனைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

நம் வீட்டுக் குக்கர் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்னும் அளவில், வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்கிறது. அந்த அழுத்தத்தில் நீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் கொதிப்பதால், பருப்பு விரைவில் குழைகிறது. ஆவி போகும் துளை 3 மில்லிமீட்டர் விட்டமுடையது என்று வைத்துக்கொண்டால், அதை அடைத்து வைக்க 70 கிராம் எடையே போதும். அதே அழுத்தம் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியை மேல்நோக்கித் தள்ளும் விசையோ 300 கிலோ எடைக்கும் அதிகம். சமையலறையில் நாம் கையாளும் வேறெந்தப் பாத்திரமும் இத்தகைய சுமையைத் தாங்குவதில்லை. துளையின் அளவுக்கு ஏற்ப வெயிட் வடிக்கப்படுகிறது என்பதால், ஒரு குக்கரின் வெயிட்டை எடுத்து வேறொரு நிறுவனத்தின் குக்கரில் பொருத்துவது கூடாது.

1950-களின் இறுதியில் பிரெஸ்டீஜ், ஹாக்கின்ஸ் ஆகிய பெயர்கள் இந்தியச் சந்தைக்கு வரத் தொடங்கின. அவற்றோடு நம் சமையலில் நேர்ந்த மாற்றம் ஆழமானது. அதுவரை சோறு வடிக்கப்பட்டது. வடித்த கஞ்சி குடிக்கவும், பருத்தித் துணிக்குப் போடவும் பயன்பட்டது. குக்கர் சோற்றில் வடிப்பதற்குக் கஞ்சியே இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார்களே, அந்தப் பதத்தை விரலால் நசுக்கிப் பார்க்கும் வழியும் மூடியோடு அடைபட்டது. விரல் செய்த வேலையைக் காது ஏற்றுக்கொண்டது. அரிசிக்கு மூன்று விசில், கொண்டைக்கடலைக்கு ஆறு விசில் என்று, கடிகாரத்தில் இல்லாத ஒரு கால அளவையைத் தமிழ்ச் சமையலறை படைத்துக்கொண்டது. சமையல் குறிப்பு எழுதுபவர்களும் அதையே எழுதுகிறார்கள்.

இந்த அளவையின் அழகை நான் மறுக்கவில்லை. ஆயினும் விசில் நேரத்தைக் காட்டுவதற்காக வைக்கப்பட்டதன்று. உள்ளே அழுத்தம் எல்லையைத் தொட்டதும் வெயிட் தூக்கப்பட்டு மிகுதி ஆவி வெளியேறும் ஓசை அது. அடுப்பைப் பெரிதாக வைத்தால் மூன்று விசில் சில நிமிடங்களில் வந்துவிடும். சிறிதாக வைத்தால் கால் மணி நேரமும் ஆகலாம். எண்ணிக்கையை மட்டும் நம்புபவர், விசில் வராத நாளில் "இன்னும் வேகவில்லை போலும்" என்று தீயைக் கூட்டிவிடுகிறார். எனக்குக் கவலை தருவது அந்தத் தருணமே. விசில் வராததற்குக் கேஸ்கட்டில் ஆவி கசிவது காரணமாக இருக்கலாம். பருப்புத் தோலோ கீரையோ ஆவிக்குழாயை அடைத்திருப்பதும் காரணமாக இருக்கலாம். உடனே அடுப்பை அணைப்பதே முறை. முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து, அதன்பின் நிமிடக் கணக்கில் வேகவிடுவது எரிவாயுவையும் மிச்சப்படுத்தும்.

வெயிட்டைத் தனியே எடுக்கும் வகைக் குக்கரில், ஆவி சீராக வந்த பிறகே வெயிட் போட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த வழக்கம் மிகச் சரியானது. உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறது, குழாய் திறந்திருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. மூடுவதற்கு முன் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதற்கு ஒரு நொடிதான் ஆகும். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும், நுரைக்கும் பருப்பு வகைகளில் பாதிக்கு மேலும் நிரப்பக் கூடாது என்ற விதியும் இந்தக் குழாயைக் காப்பதற்கே.

குழாய் அடைபட்டால் எஞ்சியிருக்கும் காவல் சேஃப்டி வால்வு. பெரும்பாலான வால்வுகளின் நடுவில், குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவை இருக்கிறது. நீர் உள்ளவரை அழுத்தமும் வெப்பமும் சேர்ந்தே ஏறும். அழுத்தம் இரு மடங்கானால் வெப்பம் 134 டிகிரியை நெருங்கும். ஆகவே வெப்பத்தை உணரும் ஓர் உலோகத் துண்டு அழுத்தத்துக்கும் காவலாகிறது. நீர் வற்றிப் பாத்திரம் காய்ந்தாலும் அதுவே உருகி வழிவிடுகிறது. வால்வு உருகியது என்றால் அது தன் கடமையைச் செய்துவிட்டது என்று பொருள். அதே நிறுவனத்தின் புது வால்வைப் பொருத்துவதோடு, ஏன் உருகியது என்றும் பார்க்க வேண்டும். ஐ.எஸ். 2347 தரத்துக்குரிய ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் குக்கருக்குக் கட்டாயமாக்கும் ஆணை 2020-இல் பிறப்பிக்கப்பட்டது. ஆனால் அந்த முத்திரையுள்ள குக்கரிலும் வால்வுக்குப் பதில் போல்ட்டை முறுக்கிவிட்டால் முத்திரைக்குப் பொருளில்லை.

மூடியை வலிந்து திறப்பதையும் குறிப்பிட வேண்டும். அழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்த நிலையிலும் மூடியின் கீழ் 30 கிலோ விசை இருக்கிறது; திடீரெனத் திறந்தால் உள்ளிருக்கும் நீரே பொங்கி முகத்தில் அடிக்கும். வெயிட்டைத் தூக்கிப் பார்க்கையில் ஆவி வராதவரை காத்திருக்க வேண்டும்.

அத்தை வீட்டில் ஆவிக்குழாயையும் அன்று பார்த்தேன். கறுத்துக் காய்ந்த பருப்புத் தோல் அதில் பாதியை அடைத்திருந்தது. ஓர் ஈர்க்குச்சியால் குத்தி எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மாமாவை அழைத்து, கடைக்குப் போகும்போது அந்த மூடியையும் கையோடு எடுத்துச் செல்லச் சொன்னார்.